கன்னியாவில் ஒரு சூடான வசந்தம்: ஆங்கில அகராதி பார்க்கப் பழக்குவது

ஒன்பதாம் தரப் பிள்ளை ஒருத்தி, நம் ஊரான திருகோணமலையைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பந்தியைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டுவேலையாகக் கொடுத்தது. கொப்பியின் முதல் வரி இப்படி இருந்தது: "கன்னியாவில் ஏழு சூடான வசந்தங்கள் உள்ளன."

வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிள்ளையின் முகம் சிறுத்துப் போனது. "ரீச்சர், டிக்சனரியில அப்பிடித்தான் போட்டிருக்கு" என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். ஸ்பிரிங் என்ற சொல்லுக்கு நேரே முதலாவதாக இருந்தது 'வசந்த காலம்'தான். அவளும் பொய் சொல்லவில்லை, அகராதியும் பொய் சொல்லவில்லை. ஆனால் கன்னியாவில் கிணறு கிணறாகப் போய் வெந்நீர் அள்ளிக் குளித்த பிள்ளை, அங்கே ஏழு வசந்தம் இருப்பதாக எழுதிவிட்டது.

அன்றைக்கு அந்த வகுப்பில் அகராதியைத் திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். சிலர் அண்ணாவிடம் கேட்டு எழுதியிருந்தார்கள், சிலர் அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தார்கள். பாடுபட்டவளுக்குத்தான் பிழை வந்தது. இலங்கையில் மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம். பதினோராம் தரம் வரைக்கும் ஒன்பது வருடம் "டிக்சனரியப் பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். எப்படிப் பார்ப்பது என்று ஒரு பாடவேளை ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்தோமா என்று கேட்டால், நான் கொடுக்கவில்லை. அந்த வசந்தத்துக்குப் பிறகுதான் தொடங்கினேன்.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நினைக்கும் தாய் தகப்பனுக்கும், புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்களுக்கும், தாங்களாகவே ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இரண்டாவது எழுத்தை பி என்றும் பதினாறாவதை பீ என்றும், நான்காவதை டி என்றும் இருபதாவதை ரீ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சொல்கிற மாதிரித்தான்.

வரிசை தெரியாமல் வாசல் திறக்காது

அகராதி என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அகரத்தை ஆதியாக வைத்து அடுக்கியது என்று பொருள். பழைய நிகண்டுகள் அப்படி இல்லை. தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று வகை வகையாகச் செய்யுளில் இருக்கும். திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவருக்குத்தான் வேண்டிய நேரம் வாயில் வரும். 1732 இல் வீரமாமுனிவரின் சதுரகராதி சொற்களை அகரவரிசையில் அடுக்கித் தந்தது. மனப்பாடம் இல்லாதவரும் தேடலாம் என்றாயிற்று, வரிசை தெரிந்திருந்தால்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். முதல் ஆங்கில-ஆங்கில அகராதி என்று பலரும் சொல்வது, 1604 இல் ராபர்ட் கௌட்ரி என்ற பள்ளி ஆசிரியர் வெளியிட்ட ஒரு சின்னப் புத்தகம். அதன் முன்னுரையில் அவர் வாசகருக்கு வகுப்பே எடுக்கிறார்: எழுத்து வரிசையைப் புத்தகம் பார்க்காமல் சொல்லப் பழகுங்கள், பி தொடக்கத்துக்குக் கிட்ட, 'என்' நடுவில், ரீ கடைசிப் பக்கம் என்று. ஆசிரியர்தானே, விடுவாரா.

ஏ பி சி பாட்டை எல்லாப் பிள்ளையும் பாடும். "எம்முக்கு முந்தின எழுத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஏயிலிருந்து திரும்பவும் பாடிக்கொண்டு வரும். அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு அகராதி புரட்டினால் ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் போகும், ஐந்து நிமிடம் போனால் ஆறாவது சொல்லோடு பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். அதனால் நான் முதலில் சொல்லே தேடவிடுவதில்லை. புத்தகத்தைச் சரி நடுவில் திற என்பேன். எல் அல்லது எம் வரும். முன்பாதியை இன்னொரு முறை பாதியாக்கினால் டி, ஈ பக்கம் நிற்கும். பின்பாதியைப் பாதியாக்கினால் ஆர், எஸ். இப்படி நாலு கூறாக அகராதியைக் கைக்குப் பழக்கிவிட்டால், பி என்றால் கை தானாக முன்னால் போகும். எஸ்ஸில்தான் பக்கம் அதிகம், எக்ஸும் இசட்டும் ஒரு விரல் தடிப்பும் வராது என்பதும் புரட்டப் புரட்ட விளங்கும்.

அடுத்தது இரண்டாம், மூன்றாம், நான்காம் எழுத்து. இதற்கு நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களே போதும். கிண்ணியா, கந்தளாய், குச்சவெளி, கன்னியா. ஆங்கிலத்தில் நாலும் கேயில் தொடங்கும். வரிசைப்படுத்து என்றால், ஏ வருகிற இரண்டும் முன்னால் போகும், ஐ வருகிற கிண்ணியா அதற்குப் பின்னால், யூ வருகிற குச்சவெளி கடைசி. மிச்சம் கன்னியாவும் கந்தளாயும். இரண்டுக்கும் கே, ஏ, என் வரைக்கும் ஒன்றே. நான்காவது எழுத்துதான் தீர்ப்புச் சொல்லும்: கன்னியாவுக்கு என், கந்தளாய்க்கு ரீ. ஆகவே கன்னியா முந்தும். இதே நாலு பெயரையும் தமிழ் அகராதி முறையில் அடுக்கச் சொன்னால் கந்தளாய் முந்திவிடும், ந எழுத்து ன எழுத்துக்கு முன்னால் வருவதால். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்ததும் ஒரு சத்தம் போடுவார்கள் பாருங்கள், பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்ப்பார்.

பக்கத்தின் தலையில் தடித்த எழுத்தில் இரண்டு சொற்கள் இருக்குமே, அவற்றை யாரும் கவனிப்பதில்லை. அது பஸ்ஸின் பெயர்ப்பலகை மாதிரி. 'திருகோணமலை – புல்மோட்டை' என்று போட்டிருந்தால் நிலாவெளிக்காரரும் குச்சவெளிக்காரரும் ஏறலாம், மூதூர்க்காரர் ஏற முடியாது. அந்தப் பக்கத்தின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும்தான் அவை. நீ தேடும் சொல் அந்த இரண்டுக்கும் இடையில் வருமென்றால் இறங்கித் தேடு, இல்லையென்றால் அடுத்த பக்கம். ஒரு பக்கத்தில் முப்பது நாற்பது சொல்லை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

முழங்காலுக்குச் சொல் இல்லையாம்

கண்ணால் பார்த்த சொல்லைத் தேடுவது ஒரு வேலை. காதால் கேட்ட சொல்லைத் தேடுவது இன்னொரு வேலை, அதுதான் கஷ்டம். ஒருநாள் முழங்காலுக்கு ஆங்கிலத்தில் 'நீ' என்று வாயால் சொல்லிவிட்டு, அகராதியில் எடுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் பின் வாங்கிலிருந்து ஒரு தம்பி எழும்பினான். "'என்' எழுத்து முழுக்கத் தேடிட்டன் ரீச்சர். முழங்காலுக்கு இங்கிலீசில சொல்லே இல்ல."

பாவம், அவன் தேடிய எழுத்தில் இல்லைதான். அந்தச் சொல் கேயில் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தமிழைப் போல நேர் உறவு இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, இப்படி ஒருமுறை முழங்கால் காணாமல் போனால் ஏறும்.

ஆகவே ஓர் ஒலிக்கு எத்தனை கதவு என்று கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைக்கச் சொல்கிறேன். நகர ஒலி கேட்டால் முதலில் 'என்' எழுத்தைத் தட்டு, இல்லாவிட்டால் 'கே-என்' கதவைத் தட்டு. கத்தி, முழங்கால், முடிச்சு, கதவு தட்டுவது, அறிவது என்று ஒரு கூட்டமே அங்கே இருக்கிறது. ஜி-என்னிலும் ஒன்றிரண்டு உண்டு. ரகர ஒலி கேட்டால் ஆர், அடுத்தது டபிள்யூ-ஆர்: எழுதுவது, பிழை, மணிக்கட்டு எல்லாம் அங்கேதான். ஃப ஒலிக்கு எஃப், அப்புறம் பீ-எச். போட்டோவும் போனும் பீ-எச்காரர்கள். ஸ ஒலிக்கு எஸ், சி, எஸ்-சி, பீ-எஸ். நகரத்தைக் குறிக்கும் சிட்டி சியில், விஞ்ஞானம் எஸ்-சியில், உளவியல் பீ-எஸ்ஸில். க ஒலிக்குச் சியும் கேயும் க்யூவும் போக, மருந்துக்கடைக்காரர் கெமிஸ்ட் சி-எச்சில் இருக்கிறார். மணித்தியாலத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல், ஏயிலும் இல்லை ஓவிலும் இல்லை, எச்சில் இருக்கிறது.

முதல் கதவு திறக்காவிட்டால் அடுத்ததைத் தட்டு. மூன்று கதவு தட்டியும் திறக்காவிட்டால் என்னிடம் வா. இதுதான் வகுப்பு விதி. அந்தத் தம்பி இப்போது இதில் கெட்டிக்காரன், எனக்கே நினைவு வராத சொல்லை எடுத்துக் கொண்டுவந்து காட்டுகிறான்.

இடது பக்கத்துப் படகு

சரி, சொல் கிடைத்துவிட்டது. அல்லது கிடைக்கவில்லை, ஏனென்றால் பிள்ளை தேடுவது அகராதியில் இல்லாத வடிவம். அகராதி ஒவ்வொரு சொல்லையும் அதன் வேர் வடிவத்தில்தான் வைக்கும். தமிழில் 'வந்தான்' என்று தேடினால் கிடைக்காது, 'வா' என்று தேட வேண்டும் அல்லவா, அதே சங்கதிதான். ட்ரைட் என்பதை ட்ரையில் தேட வேண்டும். லீவ்ஸ் என்று வந்தால் அது இலைகளா, புறப்படுகிறானா என்று வாக்கியத்தைப் பார்த்து, லீஃபுக்கோ லீவுக்கோ போக வேண்டும்.

ஒழுங்கில்லாத வடிவங்களுக்கு அகராதி கொஞ்சம் இரக்கம் காட்டும். கோட் என்ற இறந்தகால வடிவத்தை எடுத்தால் 'கேட்ச் என்பதன் இறந்தகாலம்' என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த வரியை எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அது விடை இல்லை, அது வழிகாட்டிப் பலகை. மீனவர்கள் சூரை மீனை என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் கேட்ச்சுக்குப் போயே ஆக வேண்டும்.

ஒரு பரீட்சைத் தாளில் படித்தது இது. 'படகு ஐந்து மணிக்குத் துறைமுகத்தை விட்டுப் போனது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் கொடுத்திருந்தார்கள். 'விட்டுப் போனது' என்ற இடத்தில் இருந்த ஆங்கிலச் சொல் லெஃப்ட். ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "ஐந்து மணிக்குப் படகு துறைமுகத்தின் இடது பக்கத்தில்." இடது பக்கத்தில் என்ன? நின்றதா, கவிழ்ந்ததா? வாக்கியம் நொண்டி நிற்கிறது. அந்த நொண்டல்தான் துப்பு. வினைச்சொல் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது. லெஃப்ட்டை 'இடது' என்று எடுத்தால் அந்த வரியில் வினையே இல்லை. அப்படியானால் லெஃப்ட்தான் வினையாக இருக்க வேண்டும். அகராதியில் லெஃப்ட்டுக்கு நேரே பெயரடை, பெயர்ச்சொல் என்றெல்லாம் குறி போட்டு, 'லீவ் என்பதன் இறந்தகாலம்' என்றும் இருக்கும். அங்கே போக வேண்டும்.

சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் குறிகள், பெயர்ச்சொல்லுக்கு என், வினைக்கு வி, பெயரடைக்கு ஏடிஜே, இவற்றுக்காகவே அகராதியை ஒருநாள் எடுத்து வைத்துக்கொண்டு இருக்கலாம். பொருளைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கப் பழகிய பிள்ளைக்குப் பாதிப் பொருள் தன்பாட்டில் கழிந்துபோகும். குறியோடு பன்மையும் இருக்கும். கோட்டை வாசலில் திரியும் மான்களைப் பற்றி எழுதச் சொன்னால் 'டியர்ஸ்' என்று எஸ் போடாத பிள்ளை அபூர்வம். அகராதியில் டியர் என்ற மானின் பக்கத்தில், பன்மையிலும் அதே வடிவம்தான் என்று இருக்கிறது. ஒரு மானும் டியர், பிரெட்ரிக் கோட்டையில் கூட்டமாக நிற்பதும் டியர். அன்புள்ள என்று கடிதம் தொடங்கும் டியர் வேறு, அதற்கு நடுவில் ஏ வரும். என் அன்புத் தோழிக்கு என்று எழுதப்போய் என் மான் தோழிக்கு என்று எழுதிய கடிதங்கள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். ஒரு விதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. புள்ளிதான் குறையும்.

கச்சான் என்றால் எது?

இனி வசந்தத்துக்கு வருவோம். பொருள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எதை எடுப்பது என்பதுதான் அகராதி பார்ப்பதில் பெரிய வித்தை. பிள்ளைகளுக்கு இது புதிது இல்லை, தமிழில் தினமும் செய்கிறார்கள் என்பதை முதலில் அவர்களுக்கே காட்ட வேண்டும்.

வகுப்பில் கேட்டேன்: "கச்சான் என்றால் என்ன?" டச் பே கடற்கரையில் சுருள் சுருளாக வாங்கித் தின்பது என்றார்கள். "அப்ப, 'கச்சான் தொடங்கிட்டு, வெளியில ஒரே புழுதி' என்று அம்மம்மா சொன்னால், கடலை வியாபாரமா தொடங்கியது?" சிரித்தார்கள். அது காற்று ரீச்சர். எப்படித் தெரியும்? புழுதி என்று வருகிறதே. அம்மம்மா சொன்ன வாக்கியத்திலிருந்துதானே தெரிந்தது, இதைத்தான் ஆங்கிலத்திலும் செய்ய வேண்டும் என்றேன்.

பிறகு ஸ்பிரிங்கைக் கரும்பலகையில் எழுதி, அகராதியில் இருந்த நாலு பொருளையும் போட்டேன்: வசந்த காலம், சுருள்கம்பி, ஊற்று, துள்ளு. ஒவ்வொன்றாகக் கன்னியா வாக்கியத்துக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கன்னியாவில் ஏழு சூடான வசந்த காலங்கள் உள்ளன. காலம் எப்படி ஓரிடத்தில் ஏழு இருக்கும்? போகட்டும். ஏழு சூடான சுருள்கம்பிகள் உள்ளன. இராவணன் தன் தாயின் ஈமக்கடன் கழிக்க அந்தக் கிணறுகளை உண்டாக்கினான் என்பது ஊர்க்கதை; அவன் கம்பியா நட்டான் என்றான் ஒருவன். துள்ளு என்பது வினை, எண்ணிக்கைக்குப் பின்னால் வராது. ஏழு சூடான ஊற்றுகள் உள்ளன. வகுப்பு அமைதியானது. பொருந்திவிட்டது.

இன்னும் ஒரு படி இருந்தது. நல்ல அகராதியில் 'ஹொட்' என்ற சொல்லின் பகுதிக்குப் போனால், ஹொட் ஸ்பிரிங் என்று இரண்டு சொல்லும் சேர்ந்தே ஒரு பதிவாக இருக்கும். வெந்நீரூற்று என்று ஒரே சொல்லில் விடை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சொல்லைப் பார்த்தால், சேர்ந்தே ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுவது நல்ல பழக்கம். கிவ், டேக், லுக், புட் போன்ற சின்ன வினைகளுக்குப் பின்னால் அப், ஒஃப், அவுட் வந்தால் கட்டாயம் தேட வேண்டும். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே, கிவ் அப் என்றால் மேலே கொடு இல்லை, கைவிடு.

ஏன் வசந்தம் முதலில் இருந்தது? கற்பவர்களுக்கான அகராதிகளில் பெரும்பாலும் அதிகம் புழங்கும் பொருள் முதலில் வரும். வரலாற்று முறையில் செய்த பேரகராதிகளில் பழைய பொருள் முதலில் வரும். எப்படிப் பார்த்தாலும் முதலாம் இடம் என்பது 'இதுதான் சரி' என்ற முத்திரை இல்லை. வசந்தம் என்ற பருவம் ஆங்கிலேயருக்கு வருடா வருடம் வருகிறது, அவர்களுக்கு அது முதல் பொருள். மாரியும் கோடையும் கச்சானும் பார்த்து வளர்ந்த நமக்கு அது கடைசியாக வந்தாலும் குறையில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த நாலு பொருளுக்கும் தாய் ஒன்றுதான்: துள்ளி எழுவது. நிலத்திலிருந்து தண்ணீர் துள்ளி எழும் இடம் ஊற்று. செடிகொடி துளிர்த்தெழும் காலம் வசந்தம். அமுக்கி விட்டால் துள்ளுவது சுருள்கம்பி. இதைச் சொன்ன பிறகு அந்தச் சொல்லை வகுப்பில் யாரும் மறக்கவில்லை.

கதிரையும் நாற்காலியும்

எந்த அகராதி என்று கேட்கிறார்கள். தொடங்கும் பிள்ளைக்கு ஆங்கிலம்-தமிழ்தான் நல்லது. ஆனால் கடையில் கிடைக்கும் பல இந்தியாவில் அச்சானவை, அங்குள்ள தமிழில் இருக்கும். கதிரை இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலி இருக்கும். திறப்புக்குச் சாவி, வாங்குக்குப் பெஞ்சு, துவாய்க்குத் துண்டு, பப்பாசிக்குப் பப்பாளி. பெரிய பிள்ளைகள் சமாளிப்பார்கள். சின்னவர்கள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு விளக்கமாக வந்த தமிழ்ச் சொல்லுக்கு இன்னொரு விளக்கம் தேடி நிற்பார்கள். மோசமானது பிரெட். அதற்கு 'ரொட்டி' என்று போட்டிருக்கும். நம் பிள்ளைக்கு ரொட்டி என்றால் அம்மா தேங்காய்ப்பூப் போட்டுச் சுட்டது. பாண் என்று யார் சொல்வது? பக்கத்தில் பென்சிலால் நம் சொல்லை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அகராதியில் எழுதக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, வாசிகசாலைப் புத்தகமாக இல்லாவிட்டால்.

எட்டாம், ஒன்பதாம் தரத்தில் ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதிக்கு மெல்ல மாற வேண்டும் என்பது என் எண்ணம். பயப்படுவார்கள். தெரியாத சொல்லுக்குத் தெரியாத மொழியிலேயே விளக்கமா என்பார்கள். நியாயமான பயம்தான், அதற்கு மருந்து கண்டவர்களும் ஆசிரியர்கள்தான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹோர்ன்பி என்பவர், ஆங்கிலேயருக்காகச் செய்த அகராதி தன் மாணவர்களுக்கு உதவாது என்று கண்டு, சக ஆசிரியர்களோடு சேர்ந்து வெளிநாட்டுக் கற்போருக்கென்றே ஒன்று செய்தார். 1942 இல் தோக்கியோவில் வெளிவந்தது. பிறகு ஒக்ஸ்போர்ட் அதை எடுத்துக்கொண்டது, இன்றைக்கும் புதிய பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. 1978 இல் வந்த லோங்மன் கற்போர் அகராதி, விளக்கம் எழுத ஏறக்குறைய 2000 எளிய சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆகவே வாங்கும்போது அட்டையில் 'லேர்னர்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். தடிப்பைப் பார்த்து வாங்காதீர்கள்.

அதில் இன்னொரு லாபம், எடுத்துக்காட்டு வாக்கியங்கள். தமிழில் கடும் மழை, கடும் சாயம், கடும் காய்ச்சல். ஒரே 'கடும்' மூன்றுக்கும் ஓடும். ஆங்கிலத்தில் மழை ஹெவி, தேத்தண்ணி ஸ்ட்ரோங், காய்ச்சல் ஹை. தமிழ்-ஆங்கில அகராதியில் கடும் என்று தேடி ஒன்றை எடுத்தால் ஸ்ட்ரோங் மழைதான் பெய்யும். ரெயின் என்ற சொல்லின் கீழே உள்ள இரண்டு வாக்கியத்தை வாசித்தால் ஹெவி தானாக வந்து ஒட்டும்.

உச்சரிப்புக்கு ஒரு வார்த்தை. சில மலிவு அகராதிகளில் உச்சரிப்பைத் தமிழில் தந்திருப்பார்கள், இந்தக் கட்டுரையில் நான் செய்வது போல. அதை நம்பாதீர்கள், என்னையும் நம்பாதீர்கள். நம் ஊரில் ஃபோர்ட்டும் உண்டு, போர்ட்டும் உண்டு. கோட்டை, துறைமுகம். இரண்டையும் பலர் தமிழில் போர்ட் என்றே எழுதுகிறோம், பாடசாலைக் கரும்பலகையும் அதே போர்ட். டச் பேயின் பேயும், காசு கொடுக்கும் பேயும் தமிழில் ஒன்று. ஒலிக்குறியீடுகளை ஒரே நாளில் படிக்கத் தேவையில்லை. அழுத்தம் எந்த அசையில் என்று காட்டும் சின்ன மேற்கோடு ஒன்றை மட்டும் முதலில் பழக்குங்கள், அது அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் நிற்கும். மிச்சத்துக்குப் போனில் உள்ள அகராதி வாயால் சொல்லித் தரும், கேட்டால் போதும்.

போன் என்றதும் கேட்பீர்கள், பிறகு புத்தகம் எதற்கு என்று. எனக்குப் போனில் கோபம் இல்லை, நானே பார்க்கிறேன். மொழிபெயர்ப்புச் செயலிக்கும் அகராதிச் செயலிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புச் செயலிக்குத் தனிச் சொல்லைக் கொடுத்தால் பல நேரம் ஒரே விடையை நீட்டிவிட்டு நிற்கும். அகராதி நாலு பொருளையும் முன்னால் வைத்து, நீயே எடு என்னும். செயலியில் பார்ப்பதானால் முழு வாக்கியத்தையும் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாச் சொல்லையும் பார்க்கவும் கூடாது. ஒரு பந்தியில் பன்னிரண்டு சொல் தெரியாவிட்டால் பன்னிரண்டையும் தேடும் பிள்ளை, பந்தி எதைப் பற்றியது என்பதைத் தொலைத்துவிடும். முதல் வாசிப்பில் பென்சிலால் அடிக்கோடு மட்டும். இரண்டாம் வாசிப்பில் ஊகம்: இது நல்லதா கெட்டதா, பொருளா செயலா என்ற அளவுக்கு. மூன்றாவதாக, எது தெரியாமல் பந்தி நகரவே மாட்டேன் என்கிறதோ அந்த மூன்று நாலு சொல்லுக்கு மட்டும் அகராதி. பார்த்ததும் பொருளைக் கொப்பியில் தனியாக எழுதாமல், சொல் வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும்.

அப்புறம் ஒரு பழக்கம், எனக்கு உயர்தரத்தில் ஆங்கிலம் படிப்பித்தவரிடம் பார்த்தது. ஒரு சொல்லை அகராதியில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்றாவது புள்ளி விழுந்தால் அந்தச் சொல்லை அன்றைக்கே பாடமாக்கிவிட வேண்டும், இனித் தேட வரக்கூடாது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், யாருடைய அகராதியில் புள்ளி கூட என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். என்னுடையதில் நெசெசரி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஐந்து புள்ளி இருக்கிறது. சி ஒன்று, எஸ் இரண்டு. இன்றைக்கும் கரும்பலகையில் அதை எழுதும்போது கை ஒரு கணம் நிற்கும்.